தாடிக்குக் காத்திருந்தவர்

என் மாமனாருக்கு ஆசைகள் குறைவு. வீடு கட்ட வேண்டும், கார் வாங்க வேண்டும் என்றெல்லாம் அவர் அலைந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை தாடி வளர்ப்பது. சிரிக்காதீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்தான். அவர் கழுத்தைக் கிட்டத்தில் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பிஸ்கட் ஃபேக்டரியில் மாவு பிசையும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே முடி என்றால் பாம்பைக் கண்ட மாதிரி பதறுவார்கள். தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை, முகத்தில் பேருக்குக்கூட ரோமம் இருக்கக் கூடாது. கேட்டில் ஒருவர் கையில் பஞ்சு உருண்டையோடு நிற்பார். உள்ளே போகிற ஒவ்வோர் ஆணின் கன்னத்திலும் பஞ்சை இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல் பஞ்சு கன்னத்தில் ஒட்டினாலும் போச்சு, திரும்பிப் போய் மறுபடி ஷேவ் பண்ணிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் மாவு இயந்திரம் ஓட ஆரம்பித்திருக்கும், மேலாளர் வாயும் ஓட ஆரம்பித்திருக்கும்.

மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. மாமாவின் தோலுக்கோ பிளேடு ஜென்மப் பகை. அவருக்குச் சுருட்டை முடி. மழித்த முடி ஒழுங்காக வெளியே வளராமல், வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு போகும். குத்திய இடமெல்லாம் கொப்புளம். தாடைக்குக் கீழே கழுத்து முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஃபேக்டரியில் அவருக்குப் 'பாகற்காய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கொப்புளங்கள் ஆறுவதற்குள் அடுத்த நாள் விடிந்துவிடும், அவற்றின் மேலேயே பிளேடு இறங்கும். சட்டைக் காலரில் எப்போதும் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அவருடைய காலைப்பொழுது இப்படித்தான் தொடங்கியது.

அவர் ஷேவ் பண்ணி முடித்ததும் என் மாமியார் வாசல் கதவை மறித்துக்கொண்டு நிற்பார். கேட்டில் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று வீட்டிலேயே ஒரு சோதனை. உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்து, காதிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாக இழுப்பார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. கொப்புளங்களின் மேல் கை படாமல் சுற்றிக்கொண்டு போக அத்தையின் கைக்குத் தெரியும். பிறகு "பாஸ்" என்பார். அப்புறம்தான் சாப்பாட்டு டப்பா அவர் கைக்குப் போகும். நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்தில், மாமனாரும் மாமியாரும் வாசலில் நின்று இப்படிக் கொஞ்சிக்கொள்கிறார்களே என்று கூச்சப்பட்டு அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். "கொஞ்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது டூட்டி" என்று அத்தை எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

ஓய்வு பெற்ற மறுநாளே மாமா ரேஸரை அலமாரி மேல்தட்டில் தூக்கிப் போட்டார். தாடி வெள்ளை வெளேரென்று வளர்ந்தது. கழுத்துப் புண்கள் ஆறின. எத்தனையோ வருடங்களாகக் கறுத்துக் கிடந்த தோல் மெல்ல மெல்லத் தன் நிறத்துக்கு வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். தாடிக்கென்று ஒரு சின்னச் சீப்பு வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதுகூட வாரிக்கொள்வார். "மாமா, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கேட்பேன். அவர் வெட்கப்படுவார். அத்தையும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அப்போது அத்தைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

பிறகு அத்தைக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பாத்திரம் மறந்தது, அப்புறம் எங்கள் தெரு மறந்தது, அப்புறம் என் பெயர். நான் பெரிதாகக் கலங்கவில்லை. மருமகள் பெயரை மறப்பதற்கு வியாதியே தேவையில்லை என்று என் கணவரிடம் ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயந்திரம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் கிசுகிசுத்தார்.

"யாரும்மா அந்தத் தாடிக்காரர்? வீட்டுக்குள்ள அவர் பாட்டுக்கு வர்றாரு, போறாரு. என் கட்டில்ல வந்து படுக்கறாரு."

"அத்தை, அது மாமா."

"உளறாதே. எங்க வீட்டுக்காரர் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அவர் வேலை விட்டு வர்ற நேரம். இந்த ஆளை முன்னாடியே அனுப்பி வெச்சிடு. அவர் பாத்தா தப்பா நெனச்சுக்குவாரு."

மாமா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு ஹாலுக்கு மாறிய படுக்கை அங்கேயே நிலைத்துவிட்டது. அவர் மாத்திரை கொடுத்தால் அத்தை வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அவர் சோற்றை ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்காருவார். கதவுக்கு வெளியே நின்று "என்ன, சாப்பிட்டியா?" என்று குரல் கொடுத்தால் மட்டும் முகம் மலரும். "வந்துட்டீங்களா?" என்று எழுந்து வருவார். கதவைத் திறந்து தாடியைப் பார்த்ததும் மலர்ந்த முகம் அப்படியே பயத்தில் வெளுத்துவிடும். நாங்கள் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னோம், பழைய போட்டோக்களைக் காட்டினோம். எதுவும் எடுபடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. ஒரு நாள் காலையில் என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பி, அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனார். அப்போதுதான் ஷேவ் பண்ணியிருந்தார். அத்தை எழுந்து வந்தார், வாசலை மறித்து நின்றார், உள்ளங்கையை மகனுடைய கன்னத்தில் வைத்து இழுத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"பாஸ். பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

மகனை 'வா, போ' என்று கூப்பிடுகிறவர் அவர். என் கணவர் கூனிக்குறுகி நின்றார். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்து போய், அலமாரி மேல்தட்டில் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

"மாமா, வேணாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க. வெட்டுப் பட்டா நிக்காது" என்று பாத்ரூம் கதவைத் தட்டினேன். கேட்டால்தானே! வெளியே வந்தபோது முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைத் துண்டு மத்தியானம் வரைக்கும் சிவந்துகொண்டே இருந்தது. மறுநாள் கழுத்தெல்லாம் பழையபடி பாகற்காய். மூன்றாம் நாள் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரத்தமும் கட்டுமாக இருந்த அந்த முகத்தை அத்தை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்ததும் அலறிவிட்டார்.

"இனிமே பிளேடு கிட்டயே போகக் கூடாது" என்றார் தோல் டாக்டர். "தாடிதான் உங்களுக்கு மருந்து. அப்படியே விட்டுடுங்க."

"விட முடியாது டாக்டர். வேற வழி சொல்லுங்க" என்றார் மாமா. என் மாமனார் ஒருவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லேசர் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அந்த மெஷின் கறுப்பு முடியைத்தான் கண்டுபிடிக்குமாம், நரைமுடி அதன் கண்ணுக்குத் தெரியாதாம். வயசுக்கு மரியாதை இல்லாத மெஷின். மெழுகு ஊற்றிப் பிய்த்தெடுத்தால் இந்த மெல்லிய தோலும் சேர்ந்து வந்துவிடும் என்றார் டாக்டர். டிரிம்மர் வேண்டுமானால் உபயோகிக்கலாம், ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும் என்றார்.

டிரிம்மர் வாங்கினோம். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். கொப்புளம் வரவில்லை, ரத்தம் வரவில்லை. மாமா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஃபேக்டரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை முன்னால் போய் நின்றார். அத்தை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒரு யோசனை. கை மெதுவாக எழுந்தது. கன்னத்தில் வைத்து இழுத்தார். பாதியிலேயே கை நின்றுவிட்டது.

"சொரசொரங்குது" என்றார். "இது அவர் இல்ல."

அடுத்தது க்ரீம். தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வழித்தால் முடி தானாக வந்துவிடும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சமாகத் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. ஒரு நாள் பொறுக்க அவருக்கு எங்கே மனசு? முகம் முழுக்கப் பூசிக்கொண்டு, சீக்கிரம் கழுவினால் முடி மிச்சமிருக்குமோ என்று பயந்து, சொன்ன நேரத்துக்கு மேலேயே வைத்திருந்தார். அத்தனை நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்ரூமில் நின்றிருக்கிறார். முடி போனது, கூடவே தோலும் வெந்துபோனது. அதன் நாற்றத்துக்கு அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திட்டித் தீர்த்தேன். "உங்களுக்கு வயசாச்சே தவிர புத்தி வரலியே மாமா" என்றேன். மாமனாரைப் பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சா அது? அவர் வெந்த முகத்தில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே, "முடி போயிடுச்சில்ல ம்மா? ஆறினதும் காட்டலாம்" என்றார். ஆறுவதற்குள் முடி வளர்ந்துவிட்டது.

கடைசியில் வழி சொன்னவள் எங்கள் தெருமுனைப் பார்லர்காரி. புருவம் திருத்திக்கொள்ள நான் அவளிடம் போவது வழக்கம். ஒரு நாள் அவள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு என் புருவத்தில் வேலை செய்யும்போது, நான் வீட்டுக் கதையைச் சொல்லி அழுதேன். வலியால் அழுகிறேன் என்று முதலில் நினைத்திருக்கிறாள்.

"நூல்ல எடுத்தா பிளேடும் வேணாம், மருந்தும் வேணாம் அக்கா. வேரோட வந்துடும். ஆனா ஆம்பளை தாடி முழுசா எடுத்ததில்ல. உயிர் போயிடும். தாங்குவாரா?"

"தாங்குவாரு" என்றேன்.

தோல் டாக்டரிடம் கேட்டோம். உதட்டைப் பிதுக்கினார். நூலையும் முகத்தையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கொப்புளம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள் என்றார். பார்லர்காரி வீட்டுக்கே வந்தாள். ஹாலில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துப் பிரித்து எடுத்தாள். நூல் ஓடும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஊற்றும். "பெரியவரே, கத்தணும்னா கத்திடுங்க. பொம்பளைங்க எல்லாம் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டறாங்க, நான் கோச்சுக்கறதில்ல" என்பாள் அவள். "எனக்குக் கெட்ட வார்த்தை வராதும்மா, பிஸ்கட்டுதான் வரும்" என்பார் மாமா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவர் முகம் வீங்கியிருக்கும், சிவந்திருக்கும், கொப்புளம் மட்டும் அதிகம் வரவில்லை.

வீக்கம் வடிந்த அன்று ஃபேக்டரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அத்தை நிமிர்ந்து பார்த்தார். கிட்டே வந்தார். உள்ளங்கை காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"பாஸ்" என்றார் அத்தை. "ஏங்க, இன்னிக்கு என்ன இவ்வளவு லேட்டு? மாவு மெஷின் ஓட ஆரம்பிச்சிருக்குமே. கெளம்புங்க, கெளம்புங்க."

மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். அதற்குள் அத்தை சாப்பாட்டு டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். நான் அவசர அவசரமாக டப்பாவில் எதையோ அடைத்துக் கொடுத்தேன். இவ்வளவு பாடுபட்டு முகத்தைக் கொண்டுவந்தால், அந்த முகத்தோடு வீட்டில் இருக்க வழியில்லை. வேலைக்குப் போயாக வேண்டும். மனிதர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாப் பெஞ்சில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இதுக்கா மாமா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"வந்ததும் தண்ணி கொண்டு வந்து குடுத்தா ம்மா" என்றார். டப்பாச் சாப்பாடு போக, அன்று வீட்டிலும் ஒரு தடவை சாப்பிட்டார்.

அந்தக் காலம் நன்றாக இருந்தது. பார்லர்காரி அடிக்கடி வந்து போனாள். மாமா காலையில் வேலைக்குப் போவார், மத்தியானம் திரும்பி வருவார். அத்தை அவர் கையால் சாப்பிட்டார், மாத்திரை விழுங்கினார். ஹாலில் இருந்த தலையணை உள்ளே போனது. பஸ் ஸ்டாப்பில் எந்த பஸ்ஸிலும் ஏறாத பெரியவர் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. கேட்டவர்களிடம் நான் சண்டைக்குப் போனேன்.

வியாதி எங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ஒரு காலையில் எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது. வழவழப்பான கன்னம், ஃபேக்டரிச் சட்டை, வாசல். அத்தையின் உள்ளங்கை கன்னத்தில் பாதி தூரம் போய் நின்றது. சொரசொரப்பு எதுவும் இல்லை. இந்தத் தடவை கையில் தட்டுப்பட்டது தொங்கிப்போன தசையும் சுருக்கமும். அத்தை அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார்.

"மன்னிச்சுக்குங்க மாமா. அவர்னு நெனச்சுட்டேன். உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அத்தை அவரைத் தன்னுடைய மாமனார் என்று நினைத்துவிட்டார். செத்துப்போன அந்த மனிதரின் ஜாடை இவருக்கு அச்சு அசலாக உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அத்தை தேடிக்கொண்டிருந்த முகம் வாலிபனுடைய முகம். அதற்கு எந்தப் பார்லரில் நூல் இருக்கிறது?

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? உங்க பையன்கிட்ட நீங்கதான் சொல்லணும். தெனமும் ரத்தம் வர வர ஷேவ் பண்றாரு. கழுத்தெல்லாம் புண்ணு. தலையணை உறையைத் துவைக்கறது நான்தானே, எனக்குத் தெரியாதா? ராத்திரி திரும்பிப் படுக்கும்போது அவருக்கு எரியும், எனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தம் போடாம இருப்பாரு. அந்த ஃபேக்டரி வேணாம் மாமா. வேற வேலை பாக்கச் சொல்லுங்க. தாடி வெச்சுக்கட்டும். நான் சொன்னா சிரிக்கறாரு. தாடி வெச்சா உனக்கு என்னை அடையாளமே தெரியாதுன்னு கிண்டல் பண்றாரு." அத்தை தனக்குள் சிரித்துக்கொண்டார். "அவர் எப்படி இருந்தாலும் எனக்குத் தெரியாதா மாமா?"

மாமா தம்ளரைத் தரையில் வைத்தார்.

"சொல்றேம்மா" என்றார்.

என்னைக் கூப்பிடுகிற அதே 'ம்மா'. மனைவியை மருமகளாக்கிக்கொண்டு, அந்தக் குரலில் பதில் சொன்னார்.

"கேப்பாரா?"

"கேப்பான்மா."

பிறகு மாமா அடுப்படிக்கு வந்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். "பார்லர் பொண்ணை இனிமே வர வேணாம்னு சொல்லிடும்மா" என்றார்.

"ஒரு நாள் மாத்திச் சொன்னதுக்காகவா? நாளைக்கே மறுபடி பாஸ் போடுவாங்க மாமா. விட்டுடாதீங்க." நான் சண்டை போடும் குரலில்தான் சொன்னேன். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கல்யாணமான புதுசுல நெஜமாவே இதைக் கேட்டா ம்மா. எங்க அப்பா மூலமாவும் சொல்லிப் பாத்தா. எனக்கு வேலை போயிடுமேன்னு பயம். சிரிச்சு மழுப்பிட்டேன்." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அவ வேற எதுவும் என்கிட்ட கேட்டதே இல்ல."

தாடி மறுபடி வளர்ந்தது. கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததாலோ என்னவோ, அத்தை பயப்படவில்லை. மாமா, மாமா என்று மரியாதையாக நடத்தினார். அவர் ஊட்டினால் சாப்பிட்டார். கட்டிலில் மட்டும் இடமில்லை. தலையணை திரும்ப ஹாலுக்கு வந்துவிட்டது. முன்பு அத்தையின் கை கன்னத்துக்கு வந்துகொண்டிருந்த காலை நேரத்தில் மாமா வாசல் பக்கமே போக மாட்டார், பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

சாயந்திரம் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்காருவார்கள். அத்தை தினமும் ஒரே விஷயத்தைத்தான் விசாரிப்பார்.

"அவர்கிட்ட சொன்னீங்களா மாமா?"

"சொல்லிட்டேம்மா. ஷேவ் பண்றதையே விட்டுட்டான்."

"அப்பாடா." அத்தையின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு சந்தேகம் தட்டும், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேட்பார். "இப்ப அவருக்கு வலி இல்லியே?"

மாமா வெள்ளைத் தாடியை விரல்களால் கோதிக்கொள்வார்.

"முகத்துல இல்லம்மா" என்பார்.